திரு. சுப்பையாவின் வண்டி தேறவில்லை

1

இந்த நாட்டில் என்னை எல்லோரும் என் அப்பா பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள். பாஸ்போர்ட் எடுத்தபோது கடைசிப் பெயர் என்ற கட்டத்தில் அப்பா பெயரை எழுதிக் கொடுத்ததன் பலன். ஆபீசில், வங்கியில், பல் டாக்டரிடத்தில் நான் மிஸ்டர் சுப்பையா. வந்த புதிதில் யாராவது அப்படிக் கூப்பிட்டால் அப்பா பின்னால் நிற்கிறாரோ என்று திரும்பிப் பார்ப்பேன். பதினோரு வருஷத்தில் பழகிவிட்டது.

போன மாதம் வாகன இலாகாவிலிருந்து வந்த கடிதத்தைக் கேட்டபோதுதான் மறுபடி திரும்பிப் பார்க்க வேண்டியதாகிவிட்டது. கலிபோர்னியாவில் இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை காரைப் புகைச் சோதனைக்குக் கொண்டுபோக வேண்டும். தேறினால்தான் நம்பர் பிளேட்டில் ஒட்ட ஸ்டிக்கர் வரும். என் மகள் நித்யா கடிதத்தைப் பிரித்து, செய்தி வாசிப்பவளைப் போல நிமிர்ந்து நின்றுகொண்டு வாசித்தாள். “அன்புள்ள திரு. சுப்பையா, உங்கள் வாகனம் சோதனையில் தேறவில்லை.”

அவளுக்குச் சிரிப்பு. எட்டு வயது. அவளுக்குத் தாத்தா என்றால் ஹாலில் மாலை போட்ட போட்டோ, அவ்வளவுதான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அப்பா போய்ப் பன்னிரண்டு வருஷம் ஆகிறது. அவர் போனதே ஒரு வண்டி வழியில் நின்றதால்தான் என்று எங்கள் வீட்டில் எல்லோரும் நம்பிக்கொண்டிருந்தோம். அவருக்குத் தெவசம் வருகிற நேரத்தில், உங்கள் வண்டி சரியில்லை என்று அமெரிக்க அரசாங்கம் அவருக்கே கடிதம் போட்டால் எப்படி இருக்கும்?

2

காரில் மஞ்சள் விளக்கு எரிய ஆரம்பித்தது அண்ணனை விமானம் ஏற்றிவிட்டுத் திரும்பும்போது. ஸ்டியரிங்குக்குப் பின்னால் எஞ்சின் படம் போட்ட சின்ன விளக்கு. வண்டியில் ஒரு குறையும் இல்லை, சத்தம் இல்லை, இழுவை குறையவில்லை. விளக்கு மட்டும் எரிகிறது. அண்ணன் இரண்டு மாதம் உட்கார்ந்திருந்த முன் சீட் காலியாக இருந்ததில் ஏற்கனவே மனசு சரியில்லை. விளக்கும் சேர்ந்து உறுத்தியது.

அண்ணன் தங்கவேலு என்னைவிட எட்டு வயது மூத்தவர். ராஜபாளையம் டாக்சி ஸ்டாண்டில் சொந்தமாக ஒரு அம்பாசடர் வைத்து ஓட்டியவர். அப்பா இறந்த வருஷமே அதை விற்றுவிட்டு ஒரு நூல் மில்லில் லாரி ஓட்டப் போய்விட்டார். நாங்கள் வீடு வாங்கிப் பால் காய்ச்சியபோது அம்மாவும் அண்ணனும் சேர்ந்து வரட்டும் என்றுதான் டிக்கெட் போட நினைத்தேன். அம்மா ஒரே வார்த்தையில் முடித்துவிட்டாள். “அவன்கூட நான் எந்த வண்டியிலயும் ஏற மாட்டேன். ஏரோப்பிளேனா இருந்தாலும் சரி.”

அம்மா ஸ்ரீவில்லிபுத்தூரில் சித்தி வீட்டில் இருக்கிறாள். அண்ணன் ராஜபாளையத்தில். நடுவில் பன்னிரண்டு கிலோமீட்டர். பத்து நிமிஷத்துக்கு ஒரு பஸ். வருஷத்தில் ஒரு நாள், அப்பாவின் தெவசத்தன்று, அம்மா அண்ணன் வீட்டுக்கு வருவாள். படையல் முடிகிற வரை சுவரோரமாக உட்கார்ந்திருப்பாள். ஒரு வாய்த் தண்ணீர்கூடக் குடிக்காமல் அடுத்த பஸ்ஸில் திரும்பிவிடுவாள். மதினி முதல் நாலைந்து வருஷம் அழுதாள். பிறகு அவளும் டம்ளரை எடுத்து வைப்பதை நிறுத்திவிட்டாள்.

நித்யாவுக்கு இது புரியவே இல்லை. பெரியப்பா மேல பாட்டிக்கு ஏன் கோபம் என்று கேட்டாள். தாத்தாவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது பெரியப்பா கார் நின்றுவிட்டது என்றேன். “கார் நின்னா அது அவர் தப்பா?” என்று ஆங்கிலத்தில் கேட்டாள். உனக்குப் புரியாது என்று தமிழில் சொல்லிவிட்டேன். பதில் இல்லாத இடங்களில் நான் தமிழுக்கு மாறிவிடுவது வழக்கம்.

3

முதலில் போன மெக்கானிக் ஷாப்பில் காத்திருக்க சோபா, காபி, பழைய பத்திரிகை எல்லாம் இருந்தன. ஒரு இளைஞன் சின்னக் கருவி ஒன்றைக் காரில் செருகினான். அது ஒரு நம்பரைக் காட்டியது. பெட்ரோல் ஆவி எங்கோ கசிகிறது என்று அர்த்தமாம்.

அவன் விளக்கியது எனக்குப் பாதிதான் விளங்கியது. டேங்கில் பெட்ரோல் சும்மா இருந்தாலும் ஆவியாகிக்கொண்டே இருக்கும். அந்த ஆவி காற்றில் கலக்கக் கூடாது என்று இங்கே சட்டம். அதனால் டேங்கை முழுக்க அடைத்து, ஆவியைக் குழாய் வழியாக ஒரு கரி டப்பாவுக்கு அனுப்புகிறார்கள். கரி அதைப் பிடித்து வைத்துக்கொள்ளும். வண்டி ஓடும்போது ஒரு வால்வு திறந்து எஞ்சின் அதை உறிஞ்சி எரித்துவிடும். இந்தப் பாதையில் குண்டூசித் தலை அளவு ஓட்டை விழுந்தாலும் கம்ப்யூட்டருக்குத் தெரிந்துவிடும், விளக்கைப் போட்டுவிடும்.

“பெட்ரோல் மூடியை இறுக்கி மூடுகிறீர்களா?” என்று கேட்டான்.

எனக்குச் சுருக்கென்றது. நான் மெக்கானிக்கல் இன்ஜினியர். என்னிடம் மூடியை மூடத் தெரியுமா என்று கேட்கிறான். மூன்று தரம் கடக் கடக்கென்று சத்தம் வருகிற வரை திருகுகிறேன் என்றேன். அவனும் மரியாதைக்கு நம்பிவிட்டான். அந்த வால்வை மாற்றினான். நாலு நாள் கழித்து விளக்கு மறுபடி எரிந்தது. ஒரு ரப்பர் குழாயை மாற்றினான். ஆறாம் நாள் எரிந்தது. இதற்குள் ஸ்டிக்கர் தேதி முடிந்துவிட்டது. வாகன இலாகாவில் வரிசையில் நின்று ஒரு தற்காலிகச் சீட்டு வாங்கி, பின் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டேன். கவுண்டரில் இருந்த அம்மாள், “சுப்பையா யார்?” என்றாள். நான்தான் என்றேன். பாஸ்போர்ட்டில் முதல் பெயர் சங்கர் என்று இருக்கிறதே, அப்படியானால் சங்கர் யார் என்றாள். அதுவும் நான்தான் என்றேன். என்னைச் செத்த நேரம் பார்த்துவிட்டு முத்திரை குத்தினாள். நானும் யோசித்துக்கொண்டேதான் வந்தேன்.

அந்த இளைஞனிடம் நான் ஒரு பெருமையும் அடித்திருந்தேன். பெட்ரோல் ஆவியை அடைத்து வைப்பதெல்லாம் எனக்குப் புதிதில்லை, மாணவனாக இருந்தபோதே செய்திருக்கிறேன் என்று. பொய் இல்லை. எண்பத்தாறில் மதுரையில் கடைசி வருஷம் படித்துக்கொண்டிருந்தேன். டாக்சி ஸ்டாண்டில் தன் வண்டியிலிருந்து யாரோ ட்யூபைப் போட்டுப் பெட்ரோலை உறிஞ்சி எடுத்துவிடுகிறார்கள் என்று அண்ணன் புலம்பிக்கொண்டிருந்தார். விடுமுறைக்கு வந்தபோது, பூட்டுச் சாவியோடு பளபளவென்று ஒரு மூடி வாங்கிவந்து கொடுத்தேன். அது அம்பாசடர் வாய்க்குக் கொஞ்சம் ஆடியது. பழைய சைக்கிள் ட்யூபை வட்டமாக வெட்டி, இரண்டு அடுக்கு வாஷர் போட்டு, காற்றுப் புகாமல் இறுக்கிக் கொடுத்தேன். “திருடுபோறத விடுங்கண்ணே, வெயில்ல ஆவியாப் போறது எம்புட்டு தெரியுமா? இனி ஒரு துளி போகாது” என்று வகுப்பெடுத்தேன்.

அண்ணனுக்கு ஒரே சந்தோஷம். ஸ்டாண்டில் எல்லோரையும் கூப்பிட்டு, “ஏலே, இங்க வந்து பாரு, எந்தம்பி செஞ்சது” என்று சாவியைத் திருகித் திருகிக் காட்டினார்.

4

அது நடந்து மூன்றாம் நாள் அப்பாவுக்கு நெஞ்சுவலி வந்தது.

மே மாதம், காலை பத்தரை மணி இருக்கும். தெரு டாக்டர் பார்த்துவிட்டு உடனே மதுரைக்குக் கொண்டுபோகச் சொன்னார். பின் சீட்டில் அம்மா மடியில் அப்பா. முன் சீட்டில் நான். அண்ணன் ஓட்டினார். அந்த மூன்று நாளும் உள்ளூர்ச் சவாரிதான், வெளியூருக்கு அன்றுதான் வண்டியை எடுத்தார். ஸ்ரீவில்லிபுத்தூர் தாண்டும்வரை வண்டி நன்றாகத்தான் போனது. கோபுரத்தைப் பார்த்து அம்மா கும்பிட்டது நினைவிருக்கிறது. ஊரைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் எஞ்சின் இரண்டு இழுப்பு இழுத்து நின்றது.

அந்த வெயிலில் அம்பாசடர் நின்றால் எல்லோரும் சொல்லும் காரணம் ஒன்றுதான். பம்பு சூடாகிப் பெட்ரோல் ஏறவில்லை. அண்ணன் பானட்டைத் தூக்கி, ஈரத்துணியைப் பம்பில் சுற்றினார். கொஞ்ச நேரம் கழித்துக் கிளம்பியது. கிருஷ்ணன்கோவிலில் மறுபடி நின்றது. மறுபடி துணி, மறுபடி தண்ணீர். பின்னாலிருந்து அம்மா, “ஏலே தங்கவேலு, என்னலே செய்த? அப்பாவுக்கு வேத்துக் கொட்டுதுலே” என்று கத்துகிறாள். அண்ணன் துணியை நனைத்து மறுபடி சுற்றினார். “இந்தா ஆச்சும்மா, இந்தா கெளம்பிரும்மா” என்று சொல்லிக்கொண்டே இருந்தார். எதிரே வந்த வண்டிகளுக்கு நான் கை காட்டினேன். ஒரு லாரி நின்றது. அது ராஜபாளையம் போகிற லாரி.

அழகாபுரி தாண்டி மூன்றாம் தடவை நின்றது. இந்தத் தடவை அண்ணன் பானட்டைத் திறக்கவில்லை. பெட்ரோல் இருக்கிறதா என்று பார்க்கப் போனார் போல. பக்கவாட்டுக் கண்ணாடியில் பார்த்தேன். சாவியைப் போட்டு மூடியைத் திறந்தவர், குனிந்து காதை டேங்க் பக்கம் வைத்தபடி அப்படியே நின்றார். பிறகு மூடியைச் சட்டைப் பைக்குள் போட்டார். அப்பாவின் துண்டை வாங்கி டேங்க் வாயில் திணித்தார். வந்து உட்கார்ந்து ஸ்டார்ட் செய்தார். வண்டி மதுரை ஆஸ்பத்திரி வாசல் வரை நிற்கவே இல்லை. ஏதோ கோபத்தில் மூடியைக் கழற்றிவிட்டார் என்று நினைத்துக்கொண்டேன்.

“அரை மணி முன்னால வந்திருந்தா ஏதாவது பாத்திருக்கலாம்” என்றார் டாக்டர். அந்த ஒரு வாக்கியத்தை அம்மா இன்றுவரை விடவில்லை. அடக்கம் முடிந்த அன்று, எல்லோர் முன்னாலும், “வண்டியப் பாத்து வச்சிக்கிடத் துப்பில்லாதவன் வீட்ல எனக்குச் சோறு வேண்டாம்” என்று சொல்லிச் சித்தியோடு ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பஸ் ஏறினாள். அண்ணன் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். ஒரு வார்த்தை பேசவில்லை.

நானும் பேசவில்லை. ஏனென்றால் நானும் அம்மா கட்சிதான். நாலு வருஷம் எஞ்சினைப் பற்றிப் படித்த எனக்கும் பம்பு சூடாவதைத் தவிர வேறு காரணம் தோன்றவில்லை. வண்டியை ஒழுங்காக வைத்திருந்தால் அப்பா இருந்திருப்பார் என்று அண்ணன் மேல் உள்ளூரக் கோபம். கொஞ்ச நாள் கழித்து அந்தப் பூட்டு மூடி எங்கே என்று கேட்டேன். அதற்கும் என் பங்குக்கு ஒரு குறை சொல்லத்தான் கேட்டிருப்பேன். “எங்கயோ விழுந்துட்டுலே” என்றார்.

5

இரண்டாவது மெக்கானிக் எக்டர். மெக்சிகோக்காரர். என் ஆபீசில் தரை துடைப்பவர் சொல்லி அனுப்பினார். அங்கே சோபா இல்லை. எக்டரின் ஆங்கிலமும் என் ஆங்கிலமும் வேறு வேறு ஊர்களிலிருந்து வந்தவை. ஆனால் மோதிக்கொள்ளவில்லை.

அவர் எதையும் மாற்றவில்லை. ஒரு பெட்டியிலிருந்து வந்த குழாயை எஞ்சின் பக்கத்து ஆவிக் குழாயில் பொருத்தி, வெள்ளைப் புகையை மெதுவாக உள்ளே விட்டார். ஓட்டை எங்கே இருக்கிறதோ அங்கே புகை வெளியே வரும், நாம் தேட வேண்டாம், அதுவே சொல்லும் என்றார். ஒரு கைவிளக்கை எடுத்துக்கொண்டு வண்டிக்கு அடியில் போனார். நான் சுற்றிச் சுற்றி வந்தேன். கரி டப்பாவில் புகை இல்லை. குழாய்களில் இல்லை.

பெட்ரோல் மூடியில் வந்தது. கைப்பிடியாக ஒரு மேடு இருக்குமே, அதன் மடிப்புக்குள்ளிருந்து, ஊதுபத்தி கணக்காக ஒரே ஒரு இழை.

எக்டர் மூடியைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்தார். மடிப்புக்குள் ஒளித்தாற்போல ஒரு துளை. ஓரங்கள் உருகிச் சுருண்டிருந்தன.

“இது தானாக விழுந்த ஓட்டை இல்லை. பழுக்கக் காய்ச்சிய ஆணி” என்றார். என்னை ஏற இறங்கப் பார்த்தார். “ஊரிலிருந்து யாராவது வந்திருந்தார்களா?”

“என் அண்ணன்.”

விழுந்து விழுந்து சிரித்தார். “எனக்கு ஒரு மாமா இருக்கிறார். அவர் வந்தால் நான் எல்லா மூடிகளையும் ஒளித்துவிடுவேன்.”

நான் ஒன்றும் விளங்காமல் நின்றேன். எதற்கு அண்ணன் என் காரில் ஓட்டை போட வேண்டும்? எக்டர் பொறுமையாகச் சொன்னார். இந்தக் காலத்து வண்டிக்குக் கரி டப்பா வழியாகக் காற்று உள்ளே போய்விடும். பழைய வண்டிகளில் அதெல்லாம் கிடையாது. மூடியில் இருக்கிற சின்னத் துளைதான் டேங்குக்கு மூக்கு. பெட்ரோல் குறையக் குறைய அந்த இடத்துக்குக் காற்று வர வேண்டும். மூக்கு அடைத்துக்கொண்டால் டேங்க் பெட்ரோலைப் பிடித்து இழுத்துக்கொள்ளும், எஞ்சினுக்கு விடாது. வண்டி நிற்கும்.

“அதனால் எங்கள் ஊரில் எல்லா மூடியிலும் ஆணி அடித்துவிடுவார்கள். இல்லாவிட்டால் வண்டி நிற்கும், செத்த நேரம் கழித்துத் துளிக் காற்று எப்படியோ புகுந்ததும் ஓடும், மறுபடி நிற்கும். ஓட்டுகிறவன் பம்பைச் சந்தேகப்படுவான். தண்ணீர் ஊற்றுவான்.”

“எத்தனை தடவை நிற்கும்?” என்று கேட்டேன்.

“மூடியைத் திறக்கிற வரைக்கும்.”

அங்கே கிடந்த ஒரு டயரின் மேல் உட்கார்ந்துவிட்டேன். இரண்டு அடுக்குச் சைக்கிள் ட்யூப். ஒரு துளி போகாது என்று நான் வகுப்பெடுத்தது. ஒரு துளி காற்றும் வராமல் அடைத்தது நான்தான். அண்ணன் குனிந்து காதை வைத்துக் கேட்டது, டேங்க் மூச்சு வாங்கிய சத்தம். அந்த நிமிஷமே அவருக்குத் தெரிந்திருக்கிறது. எனக்குத் தெரியப் பன்னிரண்டு வருஷமும், ஒரு புகைப் பெட்டியும் வேண்டியிருந்திருக்கிறது.

எக்டர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். புது மூடியைத் திருகினார். பழைய மூடியை எறியட்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்று வாங்கிப் பையில் போட்டுக்கொண்டேன்.

6

வீட்டுக்கு வந்து என் மனைவி மீனாவிடம் மூடியைக் காட்டினேன். முகர்ந்து பார்த்தாள்.

“அன்னைக்கு அத்தான் அப்பளம் சுட்டாகளே!” என்றாள்.

அண்ணன் ஊருக்குக் கிளம்புவதற்கு மூன்று நாள் முன்பு நடந்தது அது. நான் ஆபீசில் இருந்தேன். சமையலறையில் புகை மூண்டு, கூரையில் இருக்கிற புகை மணி அலறி, நித்யா முக்காலி மேல் ஏறி நின்று விசிறினாளாம். மீனா தோட்டத்திலிருந்து ஓடிவந்தால், அண்ணன் அடுப்பு முன்னால் கிடுக்கியோடு நிற்கிறார். “ஒண்ணுமில்ல தாயி, அப்பளம் சுட்டேன். கருகிட்டு” என்றாராம். அந்த நாற்றம் அப்பள நாற்றம் இல்லையே என்று அவளுக்கு அப்போதே சந்தேகம். அப்பளப் பாக்கெட்டும் பிரிக்காமல் அப்படியே இருந்திருக்கிறது. மூத்தவரிடம் போய் எப்படிக் கேட்பது என்று விட்டுவிட்டாள்.

அதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் மலைக்குப் போயிருந்தோம். வழியில் பெட்ரோல் போட மூடியைத் திறந்தபோது ஸ்ஸென்று சத்தம் வந்தது. இந்த வண்டிகளில் சில சமயம் வரும், ஒன்றுமில்லை. அண்ணன் முகம் வெளுத்துவிட்டது. “இதுல ஓட்ட இல்லையாலே?” என்று கேட்டார். “அதெல்லாம் கம்ப்யூட்டர் பாத்துக்கிடும்ணே” என்று சிரித்தேன். மலை இறங்கும் வரை அவர் பின்னால் திரும்பி மீனாவையும் நித்யாவையும் பார்த்துக்கொண்டே வந்தார். என்னிடம் காரணம் சொல்ல அவரால் முடியாது. சொன்னால் எண்பத்தாறைச் சொல்ல வேண்டும்.

சனிக்கிழமை சாயங்காலம் ஏழரை மணிக்குக் கூப்பிட்டேன். ராஜபாளையத்தில் ஞாயிறு காலை எட்டு.

“அண்ணே, இங்க வந்து அப்பளம் சுட்டீங்களே, ஞாபகம் இருக்கா?”

வெட்கமாக ஒரு சிரிப்பு. “கண்டுபிடிச்சிட்டியாலே? வண்டி நிக்கலல்லா?”

“நிக்கல. லைட்டுதான் எரிஞ்சுது. இங்க ஓட்ட இருக்கக் கூடாதுண்ணே.”

“லைட்டு எரிஞ்சா எரியட்டும்லே. வண்டி நிக்காதுல்லா, அம்புட்டுதான் வேணும். பொண்டாட்டி பிள்ள ஏறுத வண்டி.”

“அண்ணே, அந்தப் பூட்டு மூடி…”

“எந்த மூடி?”

“நான் சைக்கிள் ட்யூப் வெட்டிப் போட்டுக் குடுத்தது.”

“அது எங்கயோ விழுந்துட்டுன்னு அப்பமே சொன்னேம்லா.”

“விழலண்ணே. சட்டப் பையில போட்டீங்க. நான் கண்ணாடியில பாத்தேன்.”

லைன் போய்விட்டதோ என்று இரண்டு தடவை அண்ணே, அண்ணே என்றேன்.

“பாத்துட்டு இப்பதான் சொல்லுத” என்றார். “சரி, விடு. அத எடுத்து வச்சு என்ன செய்ய? திரும்பி வாரப்போ கண்மாயில வீசிட்டேன்.”

“ஏண்ணே சொல்லல? அம்மா உங்கள அம்புட்டுப் பேசினாளே.”

“சொன்னா அப்பா எந்திரிச்சு வந்துருவாரா? நீ சின்னப் பய. அமெரிக்காவுக்குப் பேப்பர அனுப்பிட்டு உக்காந்திருந்த. இதச் சொன்னா நீ போயிருப்பியா? சோறு தின்னுருப்பியா? டிரைவர் நான்லே. மூடியில மூக்கு இருக்கான்னு பாத்திருக்க வேண்டியவன் நான். நீ செஞ்சதுங்கற சந்தோசத்துல பாக்கல.” செருமிக்கொண்டார். “அம்மாட்ட ஒண்ணும் சொல்லிராத, கேட்டியா? ஒரு மகன்ட்டயாவது அவ மனசு விட்டுப் பேசட்டும்.”

7

விளக்கு அணைந்துவிட்டது. மறு சோதனையில் வண்டி தேறிவிட்டது. ஸ்டிக்கர் வந்தது, கூடவே ஒரு சீட்டு. திரு. சுப்பையா, உங்கள் வாகனம் தேறியது. நித்யா இதையும் வாசித்தாள். கை தட்டினாள்.

எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. அந்த அரை மணி இருந்திருந்தால் அப்பா பிழைத்திருப்பாரா? எல்லோரிடமும் டாக்டர்கள் அப்படித்தான் சொல்வார்களா? தெரியவில்லை. அண்ணனுக்கு வாக்குக் கொடுக்கவில்லை, ஆனால் மறுக்கவும் இல்லை. அம்மாவிடம் சொன்னால் அண்ணன் பன்னிரண்டு வருஷம் காத்ததை நான் ஒரு போனில் உடைத்தவன் ஆவேன். சொல்லாவிட்டால், இன்னும் நாலு நாளில் தெவசம். அம்மா வருவாள், சுவரோரமாக உட்காருவாள், தண்ணீர் குடிக்காமல் போவாள். எனக்குத் தெரிந்த பிறகும் அது நடக்க வேண்டுமா? தினமும் அம்மாவிடம் பேசுவதற்காக எடுத்த போனைத் தினமும் வைத்தேன்.

ஒரு நாள் சாப்பிடும்போது நித்யா, “பெரியப்பா ஏன் மூடியில ஓட்டை போட்டாங்க?” என்று கேட்டாள். இந்தத் தடவை தமிழில். உனக்குப் புரியாது என்று சொல்ல வாயெடுத்தேன். பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். தெரியாத சொற்களுக்கு மீனா ஆங்கிலம் சொன்னாள். நித்யா கடைசி வரை கேட்டாள்.

“பாட்டிக்குத் தெரியுமா?” என்றாள்.

தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போய் ஸ்ரீவில்லிபுத்தூர் நம்பரை அடித்தேன். சித்தி எடுத்து அம்மாவிடம் கொடுத்தாள். பின்னால் குக்கர் விசில் அடித்துக்கொண்டிருந்தது.

“யாரு, சங்கரா? சாப்ட்டியாய்யா?”

“அம்மா, நான் ஒண்ணு சொல்லணும். குறுக்க பேசாமக் கேளு.”

சொன்னேன். பூட்டு மூடி, சைக்கிள் ட்யூப், நின்ற மூன்று இடங்கள், அண்ணன் காதை வைத்துக் கேட்டது, பைக்குள் போட்டது, கண்மாயில் எறிந்தது. எதையும் விடவில்லை. என் பங்கைக் குறைத்தும் சொல்லவில்லை.

“நீயா?” என்றாள் கடைசியில்.

“நான்தாம்மா.”

“அவனுக்கு எப்பத் தெரியும்?”

“அன்னைக்கே. வழியிலயே.”

“எஞ்சாவு வரைக்கும் சொல்லியிருக்க மாட்டான்” என்றாள். அது கேள்வியா என்று எனக்குத் தெரியவில்லை. குக்கர் இரண்டு விசில் அடித்தது. அம்மா ரிசீவரைத் தள்ளிப் பிடித்துக்கொண்டு சித்தியிடம், “ஏட்டி, அடுப்ப அணை. எனக்குச் சோறு வைக்காத. அந்த மஞ்சப் பைய எடு, ராசபாளயம் போவணும்” என்று சொல்வது கேட்டது.

“அம்மா, எம்மேல கோபமா?”

“இப்ப நின்னு பேச நேரமில்லய்யா” என்றாள். அவள் அழுதாளா, என்னைத் திட்டப் போகிறாளா, இனி என்னோடு பேசுவாளா, ஒன்றும் அந்தக் குரலிலிருந்து கண்டுபிடிக்க முடியவில்லை. அங்கிருந்து ராஜபாளையத்துக்குப் பத்து நிமிஷத்துக்கு ஒரு பஸ் உண்டு. அது என்னைவிட அம்மாவுக்கு நன்றாகத் தெரியும்.

“போன வையிய்யா,” என்றாள். “பஸ்ஸு போயிரும்.”